பால்கன் போர்க்களத்தில் ஒரு இந்திய மருத்துவர்: டாக்டர் எம்.ஏ. அன்சாரி

விடுதலைப் போராட்டத் தலைவர் என்ற அளவில் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரியை நாம் அறிவோம். 1927ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். ஆனால், அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே அவர் ஆற்றிய ஒரு பணியை நம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1880 டிசம்பர் 25ல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டம் யூசுப்பூரில் பிறந்தார். நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, உயர் பட்டங்களை எடின்பரோவில் பெற்றார். லண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். வெள்ளையர் கோலோச்சிய காலத்தில் ஓர் இந்தியருக்கு இது எளிதில் கிடைக்கும் இடமல்ல. 1910ல் நாடு திரும்பி, டெல்லியில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

தொழில் வேரூன்றத் தொடங்கிய நேரம் அது. 1912 அக்டோபரில் மாண்டினீக்ரோ, செர்பியா, பல்கேரியா, கிரீஸ் ஆகிய நான்கு நாடுகளும் உஸ்மானிய அரசின் மீது போர் தொடுத்தன. ஊரையும் உடைமையையும் இழந்த முஸ்லிம்கள் மாட்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாக இஸ்தான்பூலை நோக்கி வந்தார்கள். பள்ளிவாசல்கள் அகதி முகாம்களாயின. காயமடைந்த சிப்பாய்களோடு காலராவும் நகருக்குள் நுழைந்தது.

இச்செய்தி இந்திய முஸ்லிம்களை உலுக்கியது. மௌலானா முஹம்மது அலி தமது காம்ரேட் இதழ் மூலம் நிதி திரட்டினார். அலிகர் மாணவர்கள் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துப் பணம் அனுப்பினார்கள். அந்நிதியில் உருவான மருத்துவக் குழுவுக்கு அன்சாரி தலைமையேற்றார். 1912 டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது.

குழுவில் மருத்துவர்கள் சிலரே. மற்றவர்களில் சவுத்ரி கலீக்குஸ்ஸமான், அப்துர் ரஹ்மான் சித்தீகி, ஷுஐப் குறைஷி போன்ற அலிகர் இளைஞர்கள் இருந்தார்கள். கட்டுப் போடவும், நோயாளியைத் தூக்கவும், இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே! கள மருத்துவமனை என்பது கத்தி பிடிக்கும் கைகளால் மட்டும் நடப்பதில்லை. இவர்களோடு சென்ற பெஷாவர் இளைஞர் அப்துர் ரஹ்மான் நாடு திரும்பாமல் துருக்கியிலேயே தங்கி, பின்னாளில் அங்காரா அரசின் தூதராக ஆப்கானிஸ்தான் சென்றார்.

காயத்தைக் கட்டுவதோடு அன்சாரியின் கவலை முடியவில்லை. குணமடைந்த அகதி எங்கே போவார்? திரும்பிச் செல்ல அவருக்கு ஊர் இல்லை. அவர்களை அனத்தோலியாவில் குடியமர்த்தும் முயற்சியிலும் அவர் அக்கறை காட்டினார். மருந்தும் வேண்டும், மண்ணும் வேண்டும் என்பதை அவர் புரிந்திருந்தார். இன்றைய அகதி முகாம்களைப் பார்க்கும் நமக்கும் இது பாடம்.

1913 ஜூலையில் குழு நாடு திரும்பியது. பின்னர் கிலாஃபத் இயக்கத்தின் முன்னணியில் நின்றார் அன்சாரி. 1920ல் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை நிறுவியவர்களில் ஒருவரானார். 1928 முதல் அதன் வேந்தராகவும் இருந்தார். 1936 மே மாதம் டெல்லிக்குத் திரும்பும் வழியில் ரயிலிலேயே மாரடைப்பால் வஃபாத்தானார். ஜாமியா வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வருமானக் கணக்கைச் சொல்லித் தருகிறோம். கூடவே இவர் வரலாற்றையும் சொல்வோம். மருத்துவர் ஆகாதவர்களுக்கும் அக்குழுவில் வேலை இருந்தது என்பதையும் மறக்காமல் சொல்வோம். அல்லாஹ் அவரது சேவையை ஏற்றுக்கொள்வானாக!