நீல் டௌ சரித்திரம்

நம் சங்கத்தாரிடையே மதுவிலக்கைப் பற்றிய பேச்செழும்போதெல்லாம் இருவேறு கட்சிகள் தோன்றக் காண்கின்றோம். குடிப்பவனுக்கு நல்லறிவு புகட்டித் திருத்துவதே தக்கதென்பார் ஒரு சாரார். விற்பவனைத் தடுத்தாலன்றி எவ்வறிவுரையும் செவியிலேறாதென்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு நம்மிடத்து மட்டும் பிறந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இன்றும் சில ஜில்லாக்களில் மதுவிற்பனை விலக்கப்பட்டே உள்ளது. அதனை மீண்டும் அனுமதிப்பதா அன்றா என ஊரார் வாதித்து வாக்களிப்பதும் அங்கே நடைபெற்று வருகின்றது. அவ்வாதங்களின் தொடக்க காலத்தில் வாழ்ந்து, தம் ஊரில் எழுந்த வழக்கை ஒரு ராஜ்யத்தின் சட்டமாக்கி, பின்னர் அச்சட்டத்தின்படியே தாமும் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தவர் நீல் டௌ என்பார். அவர் வரலாற்றை அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இங்கே கூறப் புகுந்தோம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ளது மெயின் என்னும் ராஜ்யம். அதன் துறைமுகப்பட்டினமாகிய போர்ட்லண்டில் 1804-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் நீல் டௌ பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். பெற்றோரிருவரும் போரையும் ஆடம்பரத்தையும் வெறுக்கும் குவேக்கர் என்னும் நண்பர் சபையைச் சார்ந்தவர். மைந்தர்க்கோ வக்கீலாக வேண்டுமென்று விருப்பம். தந்தையார் அதற்கு இசையாராகவே, அவரும் தோல் பதனிடும் சாலையிலேயே அமர்ந்து, அத்தொழிலாற் பொருளும் ஈட்டினார். 1829-இல் வீடொன்று கட்டி, 1830-இல் மரியா கொர்னீலியா மேனார்டு என்னும் நங்கையை மணந்தார்.

அக்காலத்துப் போர்ட்லண்டின் நிலையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அவ்வூர்க் கப்பல்கள் மரமும் மீனும் ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகட்குச் செல்லும். திரும்புங்கால் கருப்பஞ்சாற்றுப் பாகைக் கொணரும். அப்பாகு ஊரிலுள்ள வடிசாலைகளில் ரம் என்னும் சாராயமாக மாறும். மரம் வெட்டுவோன், கப்பல் கட்டுவோன், கூலியாள் யாவர்க்கும் அச்சாராயம் கூலியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் ஊர்மணி அடிக்கப்படும். அவ்வோசை கேட்டதும் தொழிலாளர் கைவேலையை நிறுத்திக் குடிப்பது வழக்கம். குடியைக் குற்றமென எண்ணுவார் அரியர். மணியடித்துக் குடிக்கச் செய்யும் ஊரில் குடியாதிருப்பவனே விநோதப் பிறவியாகத் தோன்றுவான் அல்லனோ!

குடிப்பழக்கத்தால் நிலை கெட்டுக்கொண்டிருந்த ஒருவர் பொருட்டு நீல் டௌ ஒரு சாராயக் கடைக்காரரை அணுகி, அவருக்கு விற்க வேண்டாவென்று வேண்டிக்கொண்டதாகவும், தம் கையில் லைசென்சு இருப்பதால் விரும்பியவர்க்கு விற்கும் உரிமை தமக்குண்டென்று கடைக்காரர் மறுத்துவிட்டதாகவும் அவர் வரலாற்றிற் கூறுவர். குற்றம் கடைக்காரர்மீது மட்டுமன்று, அவர்க்கு அனுமதிச் சீட்டு வழங்கிய ஊரின்மீதும் உள்ளது என்பது அன்று அவர் உள்ளத்திற் பதிந்தது. அவர் பிற்காலத்துச் செய்தவை அனைத்திற்கும் வேர் இவ்வெண்ணமே என்பது நம் கருத்து.

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லைசென்சு வழங்கலாமா என்னும் வாதம் போர்ட்லண்டில் மூண்டது. விற்பனையை ஆதரித்தோர் யாவரும் கயவர் என்று கொள்ளற்க. நன்மக்கள் கையில் விற்பனையை ஒப்புவித்துக் கட்டணமும் பெற்றால் கள்ளத்தனமாக விற்போர் குறைவரென்றார் சிலர். கப்பல் வாணிகம் குன்றுமென அஞ்சினார் சிலர். தன் வீட்டில் தான் அருந்துவதை ஊர் ஏன் தடுக்க வேண்டுமென்றார் வேறு சிலர். குடியை விட்டொழித்தவர்களே கூடி நடத்திய வாஷிங்டனியர் என்னும் சங்கத்தாருட் பலர், அன்பும் அறிவுரையும் போதும், சட்டம் வேண்டாமென்றனர். இவர்களனைவர்க்கும் நீல் டௌ சளைக்காமல் மறுமொழி கூறிவந்தார். 1842-இல் நகரத்தார் வாக்களித்தபோது லைசென்சு வேண்டா என்னும் கட்சியே வென்றது.

ஆயினும் ஊர் விலக்கியதை அயலூர் விற்றது. ஊருக்குள்ளேயே மறைந்து விற்றாரும் இருந்தனர். ஆகவே ராஜ்யம் முழுமைக்கும் சட்டம் வேண்டுமென்று அவர் ஊரூராகச் சென்று கையொப்பம் திரட்டினார். 1846-இல் ஒரு சட்டம் பிறந்தது. 28 காலனுக்குக் குறைந்த அளவில் விற்றலை அது தடுத்ததேயன்றி, மீறினோரை அஞ்சச் செய்யும் வலிமை அதற்கில்லை. 1851-இல் நீல் டௌ போர்ட்லண்டு நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாமே எழுதிய புதிய மசோதாவைச் சட்டசபைக்குக் கொண்டுசென்று நிறைவேறச் செய்தார். கவர்னர் ஜான் ஹப்பர்டு ஜூன் 2-ஆம் நாள் அதிற் கையொப்பமிட்டார். இதுவே மெயின் சட்டம் எனப் புகழ்பெற்றது. மருந்துக்கும் தொழிலுக்கும் வேண்டிய மதுவை ஊர் நியமிக்கும் ஏஜெண்டு ஒருவரே விற்கலாம், ஏனையோர் விற்றலாகாது. வாக்குரிமையுடைய மூவர் சத்தியஞ்செய்து முறையிட்டால், மதுவை ஒளித்திருப்பதாக ஐயுறும் இடத்தைச் சோதனையிட வாரண்டு பிறக்கும். கைப்பற்றிய சாராயம் ஊரார் காண வீதியிற் கொட்டப்பட்டது. சில ஆண்டுகளில் பன்னிரண்டு ராஜ்யங்களளவில் இதனைப் பின்பற்றின. இங்கிலாந்திலும் இச்சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1853-இல் ஒரு பெருஞ்சங்கம் தோன்றியது.

புகழோங்கிய அவ்வேளையிலேயே உள்ளூரிற் பகையும் வளர்ந்தது. 1852-இல் முன்னாட் கவர்னராகிய ஆல்பியன் பாரிஸ் என்பவரிடம் அவர் தோற்றார். 1855-இல் சொற்ப வாக்குகளால் வென்று மீண்டும் தலைமை ஏற்றார். அவ்வாண்டில் நிகழ்ந்ததே அவர் வாழ்வின் பெருஞ்சோதனை.

நகரத்தின் மருந்து விற்பனைக்கென 1,600 டாலர் மதிப்புள்ள மதுவை அவர் வரவழைத்து, நகர மண்டபத்தில் வைப்பித்தார். நகரசபையின் முறையான அனுமதி முழுமை பெறுமுன்னரே இது நடந்தது. பகைவர்க்கு இதனினும் வேறு என்ன வேண்டும்? மதுவை ஒழிக்க வந்தவரே மதுவைச் சேமித்து வைத்துள்ளார் என்னும் சொல் தெருத்தோறும் பரவியது. அவர் எழுதிய சட்டத்தின்படியே மூவர் முறையிட்டு அவர்மேல் வாரண்டு பெற்றனர். ஜூன் 2-ஆம் நாள் மாலை, சட்டம் பிறந்து சரியாக நான்காண்டு நிறைந்த நாளில், மண்டபத்தின் முன் கூட்டம் திரண்டது. நேரம் செல்லச் செல்ல அது ஆயிரத்துக்கு மேற்பட்டது. கற்கள் பறந்தன. கதவைத் தகர்க்க முயன்றனர். நீல் டௌ படையை அழைத்துச் சுடுமாறு பணித்தார். ஜான் ராபின்ஸ் என்னும் மாலுமி மாண்டார். வேறு சிலர் காயமுற்றனர்.

இவ்விடத்தில் நாம் சற்றே நிற்கின்றோம். அவர் மதுவைத் தம் இலாபத்திற்கு வாங்கினாரல்லர் என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் நாட்டின் மேல்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த நேதன் கிளிஃபர்டு அவர்க்கு எதிராகவும், பின்னாளில் லிங்கனின் நிதிமந்திரியாக விளங்கிய வில்லியம் பிட் ஃபெஸன்டன் அவர் சார்பாகவும் வழக்காடினர். அவர் குற்றமற்றவரென விடுதலை பெற்றார். ஆயினும், நகரசபையைக் கூட்டி ஒரு தீர்மானத்தை முன்னரே நிறைவேற்றியிருந்தால் அன்று மாலை கூட்டமும் இல்லை, குண்டும் இல்லை. கருத்து நல்லதாயின் முறை தாழ்ந்தாலும் தீங்கில்லை என்று அவர் எண்ணினார் போலும். 1842-இல் ஊராரின் வாக்கைப் பெறுவதற்கு அத்துணைப் பொறுமை காட்டியவர், 1855-இல் அதனை மறந்தார். திங்கட்கிழமை காலையில் பலகையும் சோறுமின்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளைக் காணும் நமக்கு அவருடைய பதைப்பு விளங்காமலில்லை. அந்த மாலுமியையும் பெற்றவள் ஒருத்தி இருந்திருப்பாள் என்பதையும் மறக்க இயலவில்லை.

1856-இல் சட்டம் நீக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து மக்கள் தாமே பெருவாரியாக வாக்களித்து மதுவிலக்கைத் திரும்ப வரவழைத்தனர். இம்முறை சட்டம் சற்று மென்மையாக இருந்தது, நீடித்தும் நின்றது.

பின்னர் அடிமை ஒழிப்பை ஒட்டி உள்நாட்டுப் போர் மூண்டது. போரை வெறுக்கும் குடியிற் பிறந்த நீல் டௌ, 57 வயதில் மெயின் ராஜ்யத்தின் 13-ஆம் காலாட்படைக்குத் தலைவராகி, 1862-இல் ஜெனரல் பதவியும் பெற்றார். 1863-இல் போர்ட் ஹட்ஸன் முற்றுகையிற் காயமுற்று ஒரு வீட்டில் ஆறிவருங்கால் எதிரிகளிடம் சிறைப்பட்டார். ரிச்மண்டு நகரத்து லிபி சிறையில் பலமாதம் வாடியபின், தென்னாட்டுப் படைத்தலைவர் இராபர்ட் லீயின் மைந்தருக்கு ஈடாக 1864-இல் விடுவிக்கப்பட்டார்.

1880-இல் மதுவிலக்குக் கட்சியின் சார்பில் ஐக்கிய நாட்டு ஜனாதிபதி பதவிக்கு நின்று ஏறத்தாழ பதினாயிரம் வாக்கே பெற்றார். அதனால் அவர் மனந்தளர்ந்ததாகத் தெரியவில்லை. 1884-இல் மெயின் மக்கள் மதுவிலக்கைத் தம் அரசியற் சட்டத்திலேயே வாக்களித்துச் சேர்த்தபோது அவர்க்கு வயது 80. 1897-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், பிறந்த ஊரிலேயே, தம் 93-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவருக்குப் பின்னும் வாதம் ஓயவில்லை. 1911-இல் விலக்கை நீக்குவதா என்று மெயின் மக்களிடம் மறுபடியும் கேட்கப்பட்டது. சில நூறு வாக்கு வேறுபாட்டால் அது தப்பிப் பிழைத்தது. 1920 முதல் 1933 வரை ஐக்கிய நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய மறு ஆண்டு, 1934-இல், மெயின் மக்களும் தம் விலக்கை வாக்களித்தே நீக்கினர். 1829-இல் அவர் கட்டிய வீடு போர்ட்லண்டு நகரத்துக் காங்கிரஸ் வீதியில் இன்றும் நிற்கின்றது.