மலையை அளந்த வார்டு துரை

போடிநாயக்கனூரினின்று மேற்கே நோக்குவார்க்கு மலைத்தொடர் நெடுமதில்போல் நிமிர்ந்து தோன்றும். மழைமறைவாகிய கீழைச்சரிவு வெம்பாறையும் முட்புதருமாய் வறண்டு கிடக்கும். போடிமெட்டைக் கடந்தால் குளிர்ச்சியும் ஏலத்தோட்டமும் எதிர்ப்படும். நாம் மோட்டார் வண்டியில் எளிதாய்க் கடக்கும் இம்மலைநாட்டை, பாதைகள் அரியனவாயிருந்த காலத்தில் அளந்தவர் பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு. அவரது சரிதையைச் சுருக்கமாய்க் கூறப் புகுந்தோம்.

சென்னைப் படையில் லெப்டினண்டாயிருந்த வார்டு, கானர் என்னும் துணைவருடன், 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களை அளந்தார். அதற்கு முன்னரே லாம்டன் துரை, 1802-இல் சென்னையில் அடிக்கோடு அளந்து, முக்கோண அளவையைத் தென்கோடி நோக்கிக் கொணர்ந்திருந்தார். இடைத்தூரம் அறிந்த இரண்டு இடங்களினின்று ஒரு சிகரத்தை நோக்கிக் கோணம் அளந்தால், அதன்மேல் ஏறாமலே அதன் இடம் துணியப்படும். ஆயின், சிகரங்களினிடையே மறைந்து கிடக்கும் ஓடையும், கணவாயும், ஒற்றையடிப் பாதையும், குடியிருப்பும் நேரிற் செல்வோர்க்கே புலனாகும். அக்கடிய வேலையே வார்டின் பங்காயிற்று. காடோ அடர்ந்தது, மலைக்காய்ச்சலோ கொடியது.

அவர் கோடுகள் வரைவதோடு அமையவில்லை. ஆறு, பயிர், ஊர், குடிகளின் நிலை ஆகியவற்றையும் எழுதிவைத்தார். இருவரும் இயற்றிய அவ்விவரண நூல் 1863-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறிற்று. 1821-இல் வெள்ளகவியினின்று ஏறிப் பழனிமலையின் மேற்றளத்தை ஆராய்ந்து, அதன் நல்ல சீதோஷ்ணத்தையும், ஏறக்குறைய 4,000 மக்கள் வாழ்ந்த ஊர்களையும் குறித்தார். நீலகிரியையும் அளந்தார். பழனிமலையின் அம்மேற்றளத்திலேயே 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர் வீடமைத்து, சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தப்பினர். கோடைக்கானல் நகரம் அங்ஙனம் தோன்றிற்று.

இங்கு ஒன்று சிந்திக்கற்பாலது. வரைபடம் வழிப்போக்கனுக்குத் துணை. அரசினர்க்கோ எல்லையும் வருவாயும் காட்டும் கருவி. வார்டு கும்பினியாரின் ஊழியரே என்பதை நாம் மறத்தற்கில்லை. அன்றியும், வழிகாட்டிய மலைவாணரும், கருவிகளைச் சுமந்த கூலியாட்களும் இன்றி, அவர் ஒரு கோடும் வரைந்திருத்தல் இயலாது. நூலின் முகப்பில் இரண்டு துரைமார் பெயர்களே விளங்குகின்றன.

எனினும், கேட்டதை எழுதுவதினும் நடந்து கண்டதை எழுதுதலே அறிவு என்பதற்கு வார்டின் வாழ்வு தக்க சான்று. நம் மாணவர் போடிமெட்டின் வளைவுகளில் ஏறுங்கால், சற்றே நின்று கீழே நோக்குவாராக. காலால் அளந்தவரையும், பெயரின்றி அவர்முன் நடந்தவரையும் ஒருங்கே நினைத்தல் நம் கடனாம்.