திபெத்தைக் காலடிகளால் அளந்த நயின் சிங் ராவத்

19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டவர் நுழையத் தடை விதிக்கப்பட்டிருந்த திபெத்துக்குள் மாறுவேடத்தில் சென்று, அந்நிலத்தைக் காலடிகளாலேயே அளந்தவர் நயின் சிங் ராவத்.

இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் மிலம் கிராமத்தில் 1830ஆம் ஆண்டு பிறந்த இவர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1863இல் நில அளவைப் பணிக்காக டேராடூனில் பயிற்சி பெற்றார். மேடானாலும் பள்ளமானாலும் ஒவ்வோர் அடியையும் ஒரே நீளத்தில் எடுத்து வைக்கப் பழகினார். அவரது ஜபமாலையில் 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு அடிகளுக்கு ஒரு மணி நகர்ந்தது. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாக அளவைக் குறிப்புகள் இருந்தன.

1865இல் காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட அவர், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். கையிருப்புக் கரைந்ததால் வணிகர்களுக்குக் கணக்குக் கற்பித்துப் பிழைத்தார். அனுமதியின்றி வந்த ஒருவரின் தலை பொதுவெளியில் துண்டிக்கப்பட்டதைக் கண்டபின், தங்குமிடத்தை மாற்றிக்கொண்டு வெளியே நடமாடுவதைக் குறைத்தார். ஆயினும் பணியைக் கைவிடவில்லை. நீரின் கொதிநிலையைக் கொண்டு லாசாவின் உயரத்தையும், விண்மீன்களை நோக்கி அதன் அமைவிடத்தையும் கணித்தார்.

லே நகரிலிருந்து லாசா வழியாக அசாம் வரை 1874-75இல் அவர் மேற்கொண்ட இறுதிப் பயணம், உடல்நலத்தையும் கண்பார்வையையும் பாதித்தது.

உயிருக்கு ஆபத்து நேரக்கூடும் என்பதால், அவரது கண்டறிதல்கள் பண்டிட் என்ற அடையாளத்துடன் மட்டுமே வெளியிடப்பட்டன. பயணங்கள் முடிந்த பிறகே உலகம் அவரது பெயரை அறிந்தது. லண்டன் ராயல் புவியியல் கழகம் 1877இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இந்திய அஞ்சல்துறை 2004இல் அவரது நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.