மரத்தடியில் படித்த குரானா

நம்ம ராஜபாளையம் மில்லில் ஸ்பின்னிங் ஓடும்போது நூல் அறுந்தால் ஓடி வந்து ஒட்டிவிடுவாங்க, பார்த்திருப்பீங்க. நம் உடம்பின் செல்லுக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. டி.என்.ஏ. இழை அறுந்தால் லிகேஸ் என்ற என்சைம் ஒட்டும். அந்த என்சைமையே கருவியாக வைத்து, சோதனைக் குழாயில் ஒரு ஜீனைக் கட்டியவர் ஹர் கோவிந்த் குரானா.

1922-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூரில் பிறந்தார். நூறு பேர் வாழ்ந்த பட்டிக்காடு. அப்பா கிராமக் கணக்கர், நம்ம பக்கத்துக் கர்ணம் மாதிரி. பள்ளிக்கூடம் மரத்தடியில். அரசு உதவித்தொகையில் லிவர்பூல் போய் 1948-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1949-ல் இந்தியா திரும்பினால் வேலை கிடைக்கவில்லை! அவ்வளவு படித்தும். திரும்பவும் கப்பல்தான், கேம்பிரிட்ஜ், கனடா, அமெரிக்கா. மரபுக் குறியீட்டைப் படித்துக் காட்டியதற்காக 1968-ல் இருவரோடு சேர்த்து நோபல்.

பரிசு வாங்கிய பிறகும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. 77 ஜோடி எழுத்து கொண்ட ஈஸ்ட் ஜீனைச் சிறுசிறு துண்டாகச் செய்து, லிகேஸால் ஒட்டி 1970-ல் அறிவித்தார். அடுத்த வருஷம் க்ளெப்பே என்ற நார்வேக்காரரோடு எழுதிய கட்டுரையில் இன்னொரு யோசனை: இழையைப் பிரித்து, சின்னத் துண்டு ஒன்றைப் பொருத்தினால் பாலிமரேஸ் மீதியை நிரப்பிவிடும், திரும்பத் திரும்பச் செய்தால் நகல் பெருகும். 2020-ல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எல்லா ஊரிலும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தாங்களே, அந்த பி.சி.ஆர். சோதனையின் கரு அதில் இருக்கிறது. 1980-களில் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்த கேரி முல்லிஸுக்கு 1993-ல் நோபல் கிடைத்தது. குரானாவோ அதற்குள் கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சின் பக்கம் போய்விட்டார். 2011 நவம்பர் 9-ல், அமெரிக்காவில் காலமானார்.