ஜி.டி. நாயுடுவும் எங்க மாமா காரும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரச் சொல்லி அறிவிப்புப் பலகையில் போட்டதும், நமக்கு எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கவிதை எனக்கு வராது. ஜோக் எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. ஆனால் போன வைகாசி விடுமுறையில் என் கையாலேயே ஒரு காரியம் செய்தேன். பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் செய்தேன். அதைச் செய்தபோதெல்லாம் ஒரு பெரிய மனிதரின் நினைவுதான் வந்துகொண்டே இருந்தது. அவர் கோவை ஜி.டி. நாயுடு. அவர் கதையை நம்ம ஆட்களுக்குச் சொன்னால் என்ன என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

எங்க ஊர் திருச்சுழிப் பக்கம். குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மழை வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் சீமைக் கருவேலம். என் அப்பா கருவேல மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர். அவர் கை ரேகையில் ஏறிய கறுப்பு, எந்தச் சோப்புக்கும் போகாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்த அன்று அப்பா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. தன் கை மாதிரி என் கை ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில், அருப்புக்கோட்டையில் இருக்கும் என் தாய்மாமா கடன் வாங்கி ஒரு புதுக் கார் எடுத்தார். வாடகைக்கு ஓட்டத்தான். பத்தாயிரம் கிலோ மீட்டர் நெருங்கியதும் முதல் ஆயில் மாற்ற வேண்டும். அதற்கு மதுரைக்குப் போய் வர ஒரு நாள் ஓட்டம் போய்விடும். மாப்ளதான் ஆட்டோமொபைல் படிக்கிறானே, அவனே மாத்தட்டும் என்று மாமா சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஆனால் அன்றிரவு தூக்கமே வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பழகியது பழைய எஞ்சின். இதுவோ தவணை பாக்கி இருக்கும் புது வண்டி. அப்போதுதான், வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருந்த நாயுடுவின் கதை ஞாபகத்துக்கு வந்தது.

மோட்டார் சைக்கிளைப் பிரித்த வாலிபர்

ஜி.டி. நாயுடு, கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிறந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவே இல்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது.

ஒரு நாள் அந்தக் கிராமத்துக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! அதைப் பார்த்த நாயுடுவுக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கடைசியில் அந்த அதிகாரியிடமே வண்டியை விலைக்கு வாங்கினார். அது ரட்ஜ் என்ற இங்கிலாந்துத் தயாரிப்பு.

வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. வண்டியைப் பார்ட் பார்ட்டாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது என்று பார்த்தார். திரும்ப மாட்டி ஓடவும் வைத்தார். சொல்லித் தர வாத்தியார் கிடையாது, படித்துப் பார்க்கத் தமிழில் புத்தகமும் கிடையாது.

இங்கே நம்ம டிரேடு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் இன்றைய மாதிரி ஆயில் சுற்றிச் சுற்றி வரும் ஏற்பாடு கிடையாது. ஒரு சின்னக் கைப்பம்ப் இருக்கும். ஓட்டுகிறவர்தான் சில மைலுக்கு ஒரு தடவை அதை அழுத்தி எஞ்சினுக்கு ஆயில் கொடுக்க வேண்டும். உள்ளே போன ஆயில் எரிந்தும் ஒழுகியும் தீர்ந்துவிடும். அதிகம் கொடுத்தால் புகை, மறந்து போனால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் பழகியவருக்கு எஞ்சினின் பசியும் தாகமும் தெரியாமல் இருக்குமா?

ஒரே பஸ்ஸில் தொடங்கிய கம்பெனி

இடையில் நாயுடு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். லாபமும் பார்த்தார். பம்பாய்க்குப் போய் நஷ்டப்பட்டும் திரும்பினார். நம்ம கரிசல் காட்டுக்காரர்களுக்குப் பருத்தி விலை ஆளைத் தூக்குவதும் தெரியும், கவிழ்ப்பதும் தெரியும். விழுந்தவர் அப்படியே கிடக்கவில்லை. கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் பண உதவி செய்ய, 1920-இல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை அவரே ஓட்டினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான்!

அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. நேரம் தவறாமல் ஓடுவதில் அந்தக் கம்பெனி பஸ்களுக்குப் பெரிய பெயர். நேரம் தவறாமல் ஓட வேண்டுமானால் வழியில் நிற்கக் கூடாது. வழியில் நிற்காமல் இருக்க வேண்டுமானால், ஷெட்டில் இருக்கும்போதே ஆயில், கிரீஸ், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் பார்த்திருக்க வேண்டும். பஸ் நின்றுபோன பிறகு ரிப்பேர் பார்ப்பவனைவிட, நிற்காமல் பார்த்துக்கொள்பவனே நல்ல மெக்கானிக் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

பஸ்ஸோடும் அவர் நிற்கவில்லை. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கோவையில் கொண்டு வந்தார்கள். கோவையைச் சுற்றிக் கிணற்று மோட்டாரும் பம்ப்செட்டும் ஒரு பெரும் தொழிலாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு ஆரம்பம். பேட்டரியில் ஓடும் முகச்சவர மெஷின், மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் என்று அவர் கை வைத்தவை பல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார்.

தோல்வி இல்லாமலும் இல்லை. 1936-இல் தேர்தலில் நின்று தோற்றார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து முடித்தார். விலை 2,000 ரூபாய். ஆனால் அதைத் தயாரிக்க அரசாங்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றுவிட்டது. அந்தக் கார் மட்டும் ரோட்டுக்கு வந்திருந்தால், என் மாமா மாதிரி ஆட்கள் எத்தனை பேர் எப்போதோ முதலாளி ஆகியிருப்பார்கள்!

நமக்கு நெருக்கமான விஷயம்

நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட அந்த மனிதர், பணமும் உழைப்பும் கொடுத்துக் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் வரக் காரணமாக இருந்தார். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் அவை தொடங்கப்பட்டன. 1945-இல் நாயுடுவே முதல்வராகவும் இருந்தார். அந்தக் கல்லூரிதான் பிறகு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது.

ஒரு தொழிலைக் கற்க நான்கு வருடம் வகுப்பில் உட்கார வைப்பது வீண், இரண்டு வருடமே போதும் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். இதில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. கணக்கும் தியரியும் உட்கார்ந்து படித்தால்தான் ஏறுகிறது, எனக்காவது அப்படித்தான். ஆனால் கை படாத படிப்பு பாதிப் படிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை மாமா கார்தான் எனக்குப் புரிய வைத்தது.

அன்றைக்கு நடந்தது

புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசிப் பழகும்போது, கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள் ஆயிலில் கலக்கும். ஃபில்டர் பெரும்பாலானதைப் பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் முதல் ஆயிலை நாள் கடத்தக் கூடாது. வெளியில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா என்று கம்பெனியில் முதலில் விசாரித்தோம். காருடன் வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடு ஆயிலும், கம்பெனி ஃபில்டரும் வாங்கிப் பில்லைப் பத்திரப்படுத்தினோம்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விட்டேன். இளஞ்சூட்டில்தான் ஆயில் சுத்தமாக இறங்கும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். ஜாக்கியை நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஸ்டாண்டு இரவல் வாங்கி அடியில் கொடுத்த பிறகுதான் நான் படுத்தேன். டிரெயின் நட்டைத் திறந்ததும் கன்னங்கரேல் என்று ஆயில் இறங்கியது. நட்டுக்குப் புது வாஷர் போட்டேன். ஃபில்டரைக் கழற்றிப் புதியதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே முடுக்கினேன். மூன்று லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். மாமா முகத்தில் பெருமை.

அரை நிமிடம்தான். கீழே சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, நூலாக ஒழுக ஆரம்பித்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடிப் போய் எஞ்சினை நிறுத்தினேன். கடன் பாக்கி இருக்கும் வண்டி! மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வாசல் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் நாயுடுவை நினைத்தேன். பிரித்துப் போட்டது பெரிதில்லை, அதை யாரும் செய்யலாம். பிரித்ததை எப்படிப் பிரித்தோம் என்று ஞாபகம் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாட்டினாரே, அதுதான் பெரிது. அவர் பிரித்தது தன் சம்பளத்தில் வாங்கிய வண்டி. நான் கை வைத்திருப்பதோ மாமாவின் பிழைப்பில். அவரைவிட இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக அல்லவா நான் இருந்திருக்க வேண்டும்?

எஞ்சின் ஆறியதும் திரும்ப அடியில் போனேன். ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே புது வளையத்தையும் வைத்து முடுக்கியிருக்கிறேன். இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்று இருந்தால் நிற்குமா? கழற்றிய ஃபில்டரை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் வளையம் இல்லாதது தெரிந்திருக்கும். என் தப்புதான் என்று மாமாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். பழைய வளையத்தை உரித்தெடுத்து, இடத்தைத் துடைத்து மறுபடி மாட்டினேன். ஒழுகிய அளவுக்குக் கடைக்குப் போய் ஆயில் வாங்கி வந்து, அளவுக் கம்பியைப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் அடியிலேயே கண் வைத்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை.

பழைய ஆயிலை வேலியோரம் ஊற்றிவிடலாம் என்றார் மாமா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம்ம ஊரில் கிணற்றுத் தண்ணீர் தங்கம் மாதிரி. அதில் எண்ணெய் இறங்கலாமா? கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தோம்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது முழங்கை வரை கறுப்பு. அப்பா எழுந்து என்னிடம் வந்தார். படிக்க வைத்தும் இந்தக் கையா என்று கேட்டுவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு, என் கையில் ஊற்றினார். சோப்புத் தூளில் கொஞ்சம் மணலைக் கலந்து தேய்க்கச் சொன்னார். கரி போவதற்கு அவர் செய்கிற வழி அது. எங்கே ஒழுகியது, ஏன் ஒழுகியது என்று கேட்டார். சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்பா என் படிப்பைப் பற்றி என்னிடம் விவரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜி.டி. நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் அருங்காட்சியகம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அதே சாலையில் திறக்கப்பட்ட, பத்து கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாமா கார் இப்போது இருபதாயிரத்தை நெருங்குகிறது. அடுத்த ஆயிலுக்கும் என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை பழைய ஃபில்டரைத் திருப்பிப் பார்ப்பேன். உங்கள் வீட்டு வண்டியிலும் நீங்கள் கை வைக்கப் போனால், மறக்காமல் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு