மாடிப்படி மாதுவை நமக்குத் தந்த நன்னிலத்துக்காரர்!

டிகிரி முடிச்சாச்சு, அடுத்து என்னன்னு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்களா? அப்போ கே.பாலசந்தர் உங்க ஆளுதான்.

காவிரி டெல்டாவில், நன்னிலம் பக்கத்திலிருக்கும் நல்லமாங்குடியில் 1930 ஜூலை 9-ல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். மனசு முழுக்க நாடகம். ஆனா, நாடகம் சோறு போடுமா? முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியரானார். அடுத்து சென்னை ஏ.ஜி. ஆபீஸில் வேலை. பகல்ல கணக்கு, சாயங்காலம் நாடகம்னு வருஷங்கள் ஓடின. 1964-ல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்'க்கு வசனம் எழுதினப்பவும் அவர் அரசு ஊழியர்தான்!

1965-ல் 'நீர்க்குமிழி' அவரை இயக்குநராக்கியது. 1968-ல், தன் நாடகத்தையே 'எதிர்நீச்சல்' படமாக்கினார். பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கிற அநாதைப் பையன் மாது. ஆளாளுக்கு வேலை சொல்வாங்க. அவன் சாப்பிட்டானான்னு கவலைப்படத்தான் ஆள் குறைவு. நாகேஷ் நம்மைச் சிரிக்க வெச்சுக்கிட்டே தொண்டையை அடைக்க வெப்பார். 1980-ல் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்திலும் படிச்ச பையனின் பசியைத்தான் பேசினார், இந்த முறை டெல்லியில்.

2010-ம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்றவர், 2014 டிசம்பர் 23-ல் மறைந்தார்.

ஒண்ணு கவனிச்சீங்களா? இவரோட முதல் படம் வெளியானப்போ வயசு 35. இன்னும் செட்டில் ஆகலையான்னு அடுத்த தடவை யாராவது கேட்டா, இந்தக் கணக்கைச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, அதுவரைக்கும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கலை!