ஒளியின் வழியறிந்த இப்னு அல் ஹைதம்

முகப்பேரிலும் அதனையடுத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் கணிப்பொறிப் பணியில் ஈடுபட்டுள்ள இளைஞர் பலரை நாம் இன்று காண்கிறோம். நன்கு இயங்கிய மென்பொருள் திடீரென முடங்குமாயின் அவர்கள் செய்வது யாது? கூடுதலாக இணைக்கப்பெற்ற நிரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கின்றனர். எதனை விலக்கியபின் முடக்கம் நீங்குகிறதோ, அதனை மீண்டும் சேர்த்து, முடக்கம் திரும்புகிறதா எனவும் நோக்குகின்றனர். திரும்பினாலன்றோ பழுது அதனிடத்தது எனத் துணியலாம்! இந்நெறியை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே ஒளியியலில் கையாண்ட பேரறிஞர் இப்னு அல் ஹைதம் ஆவார்.

ஈராக்கின் பஸ்ரா நகரில் கி.பி. 965ஆம் ஆண்டளவில் தோன்றிய இவரை ஐரோப்பியர் அல்ஹசன் என்றழைத்தனர். நைல் நதியின் பெருக்கைக் கட்டுப்படுத்த இயலும் என இவர் கருதியதை அறிந்த எகிப்தின் கலீஃபா அல் ஹாக்கிம், இவரைக் கெய்ரோவுக்கு வரவழைத்தார். தென்திசை சென்று ஆற்றை நேரிற் கண்டபின், அப்பணி தம்மால் ஆகாதென உணர்ந்து திரும்பினார். மன்னரின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்து, 1021இல் அம்மன்னர் மறையும் வரை காவலில் இருந்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். பின்னர் அல் அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கி, நூல்களைப் படியெடுத்து விற்று எளிய வாழ்வு வாழ்ந்தார்.

இவரது கிதாபுல் மனாழிர் என்னும் ஒளியியல் நூல் ஏழு பகுதிகளையுடையது. அதில் காணப்பெறும் விளக்குச் சோதனை நம் சிந்தைக்கு விருந்தாவது. வெவ்வேறிடங்களில் வைத்த பல விளக்குகளின் ஒளியை ஒரே துளை வழியே இருளறைக்குள் புகச் செய்தார். எதிர்ச்சுவரில் விளக்குகளின் எண்ணிக்கையளவே ஒளிப்பொட்டுகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தார். அதற்கு நேரான பொட்டு மட்டுமே மறைந்தது. மறைப்பை நீக்கினார், அப்பொட்டு மீண்டது. ஒரே துளையிற் புகினும் ஒளிகள் தம்முள் கலப்பதில்லை, ஒவ்வொன்றும் நேர்க்கோட்டிலேயே செல்கின்றது என்னும் உண்மை இவ்வாறு புலனாயிற்று.

விளக்குகள் அனைத்தையும் ஒருசேர மறைத்திருப்பின் இருளே எஞ்சியிருக்கும். எப்பொட்டு எவ்விளக்கினது என்பது விளங்கியிராது. பல நிரல்களை ஒருங்கே நீக்குவோர்க்கு நேர்வதும் இதுவே. முடக்கம் நீங்கலாம், காரணம் தெரியாது. குற்றமற்ற நிரலும் குற்றமுடையதனோடு ஒதுக்கப்படும்.

தாலமியின் கருத்துகளை ஐயுற்று ஆராய்ந்து தனிநூல் இயற்றிய இவர், ஆராய்வோன் தன்னையும் ஐயுறுதல் வேண்டும் என வலியுறுத்தினார். 1040ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்தார். இலத்தீனில் பெயர்க்கப்பெற்ற இவரது ஒளியியல் நூல் 1572இல் பேசல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய அறிஞர் பலர்க்கு வழிகாட்டிற்று.

சோதித்தறியாமல் ஒன்றன்மீது பழி சுமத்தாதிருத்தல் அறிவியலுக்கு மட்டுமன்றி அறத்துக்கும் உரிய பண்பாகும். பொறியிடத்தும் மனிதரிடத்தும் இப்பொறுமையை நம் மாணவச் செல்வங்கள் கைக்கொள்ள எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!